குளிரான குசினியில் கோடு விழாமல் ஸ்டீல் துடைக்கும் முறை

ஹட்டன், நானுஓயா, நுவரெலியாப் பக்கத்துக் குசினிகளில் சிங்கையோ கேஸ் அடுப்பின் மேல்தட்டையோ எவ்வளவு தேய்த்தாலும் வெள்ளைக் கோடு நிற்கிறதென்றால், பெரும்பாலும் குற்றவாளி தேங்காய் எண்ணெய்தான். அது ஏறக்குறைய 24 பாகையில் உறையத் தொடங்கும். 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் காலை நேரத்து ஸ்டீல் தகடு அதைவிட நன்றாகக் குளிர்ந்து கிடக்கும். தாளிக்கும்போது தெறித்த எண்ணெய் அதில் மெழுகாகப் படிந்துவிடுகிறது. பச்சைத்தண்ணீரில் நனைத்த துணி அந்த மெழுகை எடுக்காது, இழுத்துப் பரப்பும். கொழும்பு வீட்டில் சரிவரும் துடைப்பு இங்கே சரிவராதது இதனால்தான்.

ஆகவே முதலில் சுடுதண்ணீர். கொதித்த தண்ணீர் 400 மில்லிலீற்றர், குழாய்த் தண்ணீர் 600 மில்லிலீற்றர் கலந்தால் கை பொறுக்கும் சூடு வரும். பாத்திரம் கழுவும் திரவம் அரைத் தேக்கரண்டி போதும். நம் மலைத் தண்ணீரில் யாழ்ப்பாணத்துக் கிணறுகளைப் போலச் சுண்ணாம்பு இருப்பது குறைவு. கொஞ்சத்திலேயே நுரை பொங்கும். கூடுதலாக ஊற்றினால் அந்தச் சவர்க்காரமே காய்ந்து கோடாகும். மழை நாளில் பீலித் தண்ணீர் கலங்கி வந்தால் வாளியில் தெளியவிட்டு மேல்தண்ணீரை மட்டும் எடுங்கள். அடியில் தங்கும் நைசான மண் ஸ்டீலைக் கீறும்.

அடுப்பு சுடச்சுட இருக்கும்போது தொட வேண்டாம். தண்ணீர் உடனே வற்றி, சவர்க்காரம் ஒட்டிவிடும். இளஞ்சூட்டில் தொடங்குங்கள். டோர்ச் வெளிச்சத்தைச் சாய்வாக அடித்துப் பார்த்தால் தகட்டில் மெல்லிய இழைக் கோடுகள் தெரியும். எந்தத் துடைப்பும் அந்த இழை ஓடும் திசையிலேயே போக வேண்டும். வட்டமாகத் தேய்த்தால் அழுக்கு இழைகளுக்குள் சிக்கி, காய்ந்தபின் வளையம் வளையமாகத் தெரியும்.

துணி மூன்று வேண்டும். பலமுறை துவைத்து மெலிந்த பழைய பருத்திச் சாரத்தைக் கிழித்துக்கொண்டால் அதைவிட நல்ல துணியில்லை, நூல் உதிராது. வாசனைக்காகத் துணிக்குப் போடும் திரவத்தில் அலசியது மட்டும் ஆகாது, அது மெழுகுபோல ஒரு படலம் விடும். முதல் துணியால் சவர்க்காரத் தண்ணீர் கொண்டு துடையுங்கள். இரண்டாவதை வெறும் சுடுதண்ணீரில் பிழிந்து பிழிந்து இரண்டு முறை துடையுங்கள். அவசரத்தில் பலரும் தவிர்ப்பது இந்த இரண்டாவது முறையைத்தான். மூன்றாவது துணி முற்றாக உலர்ந்ததாக இருக்க வேண்டும். தகடு தானாகக் காயட்டும் என்று விடாதீர்கள்; ஒரு முழ அகலம் துடைத்தால் அதை உலர்த்திவிட்டே அடுத்ததற்குப் போங்கள். அந்த நேரம் பக்கத்தில் கேத்தல் கொதிக்கக்கூடாது. ஆவி குளிர்ந்த தகட்டில் வியர்வையாகப் படிந்து எல்லாவற்றையும் கெடுக்கும். மூடுபனி உள்ளே வரும் பின்னேரத்தைவிட முற்பகல் நல்லது.

தேத்தண்ணிக் கறைக்கு அப்பச்சோடா மூன்று பங்கு, தண்ணீர் ஒரு பங்கு குழைத்துத் தடவி, ஐந்து நிமிடத்தில் இழைத்திசையில் தேய்த்துக் கழுவுங்கள். அடுப்பைச் சுற்றி வானவில் நிறம் விழுந்திருந்தால் வினாகிரி ஒரு பங்குக்குத் தண்ணீர் மூன்று பங்கு. சோடாவையும் வினாகிரியையும் ஒன்றாகக் கலப்பது வீண். நுரைத்து ஒன்றையொன்று முறித்துவிடும்.

குளோரின் கலந்த ப்ளீச்சை ஸ்டீலில் ஊற்றாதீர்கள். துருப்பிடிக்காமல் காப்பது மேலுள்ள குரோமியம் ஒட்சைட்டுப் படலம்; குளோரைட்டு அதைக் குத்தி ஊசித்துளை போடும். உப்பு நீர் இரவு முழுக்கத் தேங்கினாலும் அதே கதிதான். ப்ளீச்சுடன் வினாகிரி சேர்ந்தால் நச்சு வாயு கிளம்பும், உயிருக்கே ஆபத்து. கம்பி நாரும் வேண்டாம்: அதன் இரும்புத் துணுக்குகள் தகட்டில் தங்கி, இந்த ஈரக் காற்றில் பழுப்புப் புள்ளியாகும். அப்படிப் புள்ளி விழுந்துவிட்டால் தகடு கெட்டுவிட்டதென்று நினைக்க வேண்டாம், சோடாக் குழம்பில் பெரும்பாலும் போய்விடும்.

மினுக்கத்துக்காகத் தேங்காய் எண்ணெய் பூசும் பழக்கம் வெப்பமான ஊருக்குச் சரி. இங்கே அது இரவோடிரவாக வெளுத்து உறையும். பூசியே ஆக வேண்டுமென்றால் குழந்தைகளுக்குப் பூசும் கனிம எண்ணெய் இரண்டே சொட்டு, உணவு வைக்காத வெளிப்பக்கத்தில் மட்டும்.