கிணற்றடியில் புதினா: தண்டு ஊன்றுவதிலிருந்து சம்பல் வரை

வன்னி வெயிலுக்குப் புதினா நிற்காது என்று சொல்பவர்கள் அநேகமாக அதை நடுமுற்றத்தில் நட்டிருப்பார்கள். கிணற்றடி வாழைக்குப் பக்கத்தில், காலை வெயில் மட்டும் படுகிற ஈரமான இடத்தில் வைத்துப் பாருங்கள். பச்சையாகச் சாப்பிடுகிற இலை என்பதால் சவர்க்காரத் தண்ணி மட்டும் அந்தப் பக்கம் ஓடக்கூடாது.

1. தண்டு

விதை தேடி அலையவேண்டாம். சமையலுக்கு வாங்குகிற கட்டிலேயே மொத்தமான தண்டுகள் நாலைந்தை எடுங்கள். விரலால் உருட்டினால் நாலு பட்டை தெரியும். ஒரு சாண் அளவில் கணுவுக்குக் கீழே வெட்டி, அடி இலைகளைக் கிள்ளிவிட்டுத் தண்ணிக் கிளாசில் நிற்க விடுங்கள். தண்ணியை ஒன்றைவிட்ட நாள் மாற்றுங்கள். ஒரு கிழமை, பத்து நாளில் கணுக்களில் வெள்ளை வேர் எட்டிப்பார்க்கும்.

2. நடுதல்

புதினா பக்கவாட்டில் ஓடுகிற செடி. ஆழமான சாடியைவிட, அடியில் ஓட்டை போட்ட பழைய அகலப் பேசின் நல்லது. செம்மண், உக்கிய மாட்டெரு, கொஞ்சம் மணல் போதும். பாத்தியில் விட்டால் பக்கத்துக் கீரையையும் மூடிவிடும்.

மாரி மழை ஓய்ந்த தை, மாசியில் நட்டால், சோளகம் தொடங்க முன்னமே வேர் பிடித்துவிடும். அந்தக் காற்றுக்கு இலையின் ஓரம் கருகும். அப்போது காலை, மாலை இருநேரமும் தண்ணி வேண்டும். மேலே ஒரு கிடுகு சாய்த்துவிட்டால் இன்னும் நல்லது.

3. வெட்டுதல்

பூக்கும் வரை பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். மண்ணுக்கு மேலே இரண்டு கணு விட்டு வெட்டினால் பக்கக் கிளைகள் வெடிக்கும்.

4. தேத்தண்ணி, சம்பல்

தண்ணி கொதித்ததும் இறக்கி, பத்துப் பன்னிரண்டு இலையைக் கசக்கிப் போட்டு, ஐந்து நிமிடம் மூடி வையுங்கள். வாசம் ஆவியாகும் எண்ணெயில் இருக்கிறது. திறந்து கொதிக்கவிட்டால் அடுப்படி மணக்கும், கோப்பையில் ஒன்றும் இராது. பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடிக்கலாம். பால் வேண்டாம்.

சம்பலுக்கு அம்மியில் முதலில் உப்பு, பச்சை மிளகாய், சின்ன வெங்காயம். பிறகு தேங்காய்ப்பூ. இரண்டு கைபிடி இலையைக் கடைசியில் வைத்து இரண்டு இழுப்பு இழுத்தால் போதும். மையாக அரைத்தால் கறுத்துக் கசக்கும். தேசிப்புளி விட்டுப் பிசைந்தால் புட்டுக்கு வேறு கறியே தேவையில்லை என்பேன்.

5. உடம்புக்கு

இணையத்தில் புதினாவுக்குச் சொல்லப்படும் பல குணங்கள் மிளகுப் புதினா (பெப்பர்மின்ட்) என்ற வேறு இனத்துக்கு உரியவை. அதில்தான் குளிர்ச்சி தருகிற மென்தோல் அதிகம். நம் சமையல் புதினாவின் வாசம் பெரும்பாலும் கார்வோன் என்ற பொருள். குடல் இழுப்பு வலிக்குப் பயன்படுவதாக ஆய்வுகளில் தெரிந்ததும் மிளகுப் புதினா எண்ணெய்க் குளிகைதான். செமியாக்குணம், வயிறு ஊதல் என்றால் இந்தத் தேத்தண்ணி இதமாக இருக்கும், அவ்வளவுதான். நெஞ்செரிவுக்காரருக்குச் சிலவேளை எரிவைக் கூட்டும். இரத்தச்சோகைக்கு இரும்புக் குளிகை எடுப்பவர்கள் சாப்பாட்டோடோ குளிகையோடோ இதைக் குடிக்கவேண்டாம், சத்து உடம்பில் சேர்வது குறையும். ஓரிரண்டு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள். கைக்குழந்தைக்குத் தடிமன் என்றாலும் மூக்கடியில் மென்தோல் தைலம் பூசவே கூடாது, மூச்சு அடைக்கலாம்.