கொசுப்புகை அடிக்கும் வேலைக்குப் புதிதா? மாஸ்க் மாட்டுமுன் செய்ய வேண்டிய உடல் பரிசோதனைகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் டெங்கி என்று பேச்சு வந்தால் போதும், மறுநாளே லயத்துப் பக்கம் புகை மிஷின் சத்தம் கேட்கும். அதைத் தோளில் மாட்டிக்கொண்டு நடப்பவர்களில் நம் தோட்டத்துப் பிள்ளைகளும் உண்டு. அரசாங்கச் சுகாதாரப் பிரிவிலோ நகராண்மைக் கழகத்திலோ இந்த வேலைக்குச் சேர்ந்து, இரண்டு பக்கமும் டப்பா வைத்த மாஸ்க்கை முதன்முறையாகப் போடப் போகும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன்.

அந்த மாஸ்க் நச்சை வடிகட்டும். ஆனால் மூச்சு இழுப்பதையும் கடினமாக்கும். வெயில், மிஷின் பாரம், மேடு பள்ளம் எல்லாம் சேரும்போது இதயமும் நுரையீரலும் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கும். அதைத் தாங்குமா என்று முன்பே பார்த்துவிட வேண்டும்.

முதலில், மிஷினில் ஊற்றுவது என்ன கொசு மருந்து என்று கேளுங்கள். மாலத்தியான் போன்ற ஆர்கனோபாஸ்பேட் வகையா, பைரித்ராய்டு வகையா? மேற்பார்வையாளரிடம் அந்த மருந்தின் பாதுகாப்புத் தகவல் தாள் இருக்க வேண்டும். வாங்கிப் பாருங்கள். கீழே சொல்லும் ரத்தப் பரிசோதனை ஆர்கனோபாஸ்பேட்டுக்கு உரியது.

அடுத்து, கேள்விப் பாரம், அதாவது படிவம். ஆஸ்துமா, காசநோய், நெஞ்சுவலி, வலிப்பு, நீரிழிவு, மூடிய இடத்தில் பயம் இவையெல்லாம் இருக்கிறதா என்று கேட்பார்கள். வேலை போய்விடுமோ என்று பலர் எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ போட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். ஆஸ்துமா இருப்பவருக்கு டாக்டர் வேறு வகை மாஸ்க்கையோ வேறு வேலையையோ பரிந்துரைக்க முடியும். மறைத்தால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. மாஸ்க் போடும் தொழிலாளர்களுக்கான அமெரிக்காவின் 1910.134 விதி, இந்தப் பதில்களை முதலாளியோ மேலாளரோ பார்க்கவே கூடாது என்கிறது. நீங்களும் பாரத்தை உறையில் போட்டு நேராக டாக்டரிடம் கொடுக்கலாமா என்று கேளுங்கள். மலாய் சரியாகப் புரியவில்லை என்றால் தமிழ் தெரிந்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், வெட்கமே வேண்டாம்.

மூன்றாவது, ரத்தம். இந்தப் பதிவில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள். ஆர்கனோபாஸ்பேட் மருந்து உடலில் ஏறினால், நரம்புகளுக்குத் தேவையான கோலினெஸ்தரேஸ் என்ற நொதியின் அளவு இறங்கும். சிக்கல் என்னவென்றால், அந்த அளவு ஆளுக்கு ஆள் மாறும். எனக்குச் சாதாரணமாக இருப்பது உங்களுக்குக் குறைவாக இருக்கலாம். அதனால் மருந்தைத் தொடுவதற்கு முன்பே ஒரு தடவை ரத்தம் எடுத்து, உங்களுடைய சொந்த எண்ணைப் பிடித்து வைக்க வேண்டும்.

வேறோர் ஊரில் நான் வேலை பார்த்தபோது, புகையடிக்கத் தொடங்கி மூன்று வாரம் கழித்துத்தான் எனக்கு ரத்தம் எடுத்தார்கள். டாக்டர் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “பழைய ரிசல்ட் எங்கே?” என்றார். இல்லை என்றேன். “அப்போ இதை எதோட ஒப்பிடுறது?” என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. உங்களுக்கு அந்த நிலை வரக்கூடாது.

எவ்வளவு இறங்கினால் ஆபத்து? கலிபோர்னியாவில் விவசாய மருந்து அடிப்பவர்களுக்கான விதி இது: சிவப்பணுவில் உள்ள அளவு சொந்த எண்ணில் 70 விழுக்காட்டுக்கோ அதற்குக் கீழோ வந்தால் அந்த வேலையிலிருந்து விலக்க வேண்டும், 80 விழுக்காட்டுக்கு ஏறிய பிறகே திரும்பச் சேர்க்கலாம். சொந்த எண் இல்லாவிட்டால் இந்தக் கணக்கையே போட முடியாது.

அப்புறம் ஊதும் பரிசோதனை. நுரையீரல் எவ்வளவு காற்றை எவ்வளவு வேகமாக வெளியே தள்ளுகிறது என்று பார்ப்பார்கள். வயிறு முட்டப் பசியாறிவிட்டுப் போகாதீர்கள், பெல்ட்டைத் தளர்த்திக்கொள்ளுங்கள், சிகரெட் வேண்டாம். ஒரே மூச்சில், ‘போதும்’ என்று சொல்லும்வரை ஊதுங்கள்.

மாஸ்க் பொருத்தம். தலையில் ஒரு கூண்டை மாட்டி, கசப்பான திரவத்தை உள்ளே தெளிப்பார்கள். தலையைத் திருப்பி, குனிந்து, நூறிலிருந்து பின்னோக்கி எண்ணச் சொல்வார்கள். நாக்கில் கசந்தால் மாஸ்க்கில் ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். முதல் நாள் எனக்கு ‘தொண்ணூற்றேழு’ வரும்போதே கசந்துவிட்டது. தாடைக்குக் கீழே இரண்டு நாள் முடி! மாஸ்க் ஓரம் தோலில் படும் இடத்தில் முடி இருக்கவே கூடாது. வெற்றிலை போடுகிறவர்கள் கால் மணி நேரம் முன்பே நிறுத்திவிடுங்கள், இல்லையென்றால் கசப்பு தெரியாது.

இதெல்லாம் முடிந்தாலும் ஒரு தடவையோடு சரி என்று விட முடியாது. நம் நாட்டின் 2000-ஆம் ஆண்டு இரசாயன விதிமுறைகளின்படி மருத்துவக் கண்காணிப்பு தேவைப்படுகிறவர்களுக்கு அதிகபட்சம் 12 மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை நடக்க வேண்டும், அதுவும் தொழில்சார் சுகாதார டாக்டரிடம். 1994-ஆம் ஆண்டுத் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் அரசாங்க ஊழியருக்கும் பொருந்தும். அதன் 26-ஆவது பிரிவுப்படி இந்தச் செலவை உங்களிடம் வசூலிக்க முடியாது.

இடையில் கண்மணி சுருங்கிப் பார்வை மங்கினாலோ, எச்சில் ஊறினாலோ, காரணமில்லாமல் வியர்த்து நெஞ்சு இறுகினாலோ அடுத்த பரிசோதனைக்காகக் காத்திருக்காதீர்கள். துணியை மாற்றி, சோப்புப் போட்டுக் கழுவி, உடனே மருத்துவமனைக்குப் போய் என்ன மருந்து அடித்தீர்கள் என்று பெயரோடு சொல்லுங்கள்.

இந்த மருத்துவப் பதிவுகளை முதலாளி 30 ஆண்டு வைத்திருக்க வேண்டும். இருந்தாலும் ஒவ்வொரு ரிசல்ட்டிலும் ஒரு நகல் கேட்டு வாங்கி, பிறப்புப் பத்திரம் இருக்கும் அதே கோப்பில் வையுங்கள். வேலை மாறிப் போகும்போது புது டாக்டரிடம் முதலில் நீட்ட வேண்டிய தாள் அதுதான்.