குளிர்ந்த டெவலப்பரில் கீற்று எடுக்காதீர்கள்

நுவரெலியாவில் ஜனவரி இரவில் இருட்டறையில் நெகட்டிவிலிருந்து பிரிண்ட் போட்டவர்களுக்குத் தெரியும், 20 பாகையில் தட்டில் ஊற்றிய டெவலப்பர், அதாவது தாளில் படத்தை வெளிக்கொண்டுவரும் கரைசல், மளமளவென்று குளிர்ந்துவிடும். எத்தனை விநாடி வெளிச்சம் வேண்டும் என்று பார்க்க, ஒரு தாள் துண்டில் கட்டம் கட்டமாக வெவ்வேறு நேரம் கொடுத்து எடுப்பதுதான் கீற்று. முதல் கீற்றை 20 பாகையில் எடுத்துவிட்டு, படத்தை 14 பாகையில் கழுவிவிட்டு, வெளிச்சத்தை அளந்து நேரம் சொல்லும் மீட்டரைத் திட்டுவோம். நானும் திட்டியிருக்கிறேன். மீட்டர் பாவம், அதற்கு வெளிச்சம் மட்டும்தான் தெரியும். ஏறத்தாழ 13 பாகைக்குக் கீழே, டெவலப்பரில் உள்ள ஹைட்ரோகுயினோன் என்ற இரசாயனம் வேலை செய்வதையே கிட்டத்தட்ட நிறுத்திவிடும். எத்தனை விநாடி வெளிச்சம் கொடுத்தாலும் கறுப்பு கறுப்பாக வராது. சுடுதண்ணீர் ஊற்றிய பெரிய தட்டுக்குள் டெவலப்பர் தட்டை வையுங்கள். ஒவ்வொரு கீற்றுக்கும் முன் வெப்பமானியைப் பாருங்கள்.

கீற்று கறுக்கிறதே என்று பயந்து அரை நிமிடத்தில் தூக்குவதும் தவறுதான். பிளாஸ்டிக் பூச்சுத் தாளுக்கு 1 முதல் 1½ நிமிடம், ஃபைபர் தாளுக்கு 2 முதல் 3 நிமிடம் முழுதாகக் கொடுக்க வேண்டும்.

அப்புறம் இந்த 5, 10, 15, 20 விநாடிக் கணக்கு. 5-இலிருந்து 10 இரு மடங்கு. 15-இலிருந்து 20 மூன்றில் ஒரு பங்குதான் கூடுதல். அதனால் கீற்றின் ஒரு பக்கம் தாவும், மறுபக்கம் நகராது. 10, 14, 20, 28, 40 என்று வையுங்கள், ஒவ்வொன்றும் அரை ஸ்டாப் (வெளிச்சம் இரு மடங்கானால் ஒரு ஸ்டாப்). முழுக் கீற்றுக்கும் 10 விநாடி, பிறகு அட்டையை நகர்த்தி நகர்த்தி 4, 6, 8, 12. இதையே 5-இல் தொடங்கினால் 2 விநாடித் துண்டு வரும். நெகட்டிவைப் பெரிதாக்கித் தாளில் விழச் செய்யும் என்லாஜரின் விளக்கு முழுப் பிரகாசத்துக்கு வரவே அதில் ஒரு பகுதி போய்விடலாம்.

கொழுந்து பறிக்கும் அம்மாவின் முகம், பின்னால் பனிமூட்டம் என்று ஒரு நெகட்டிவ் இருந்தால் கீற்றைப் பனிமூட்டத்தில் மட்டும் வைக்காதீர்கள். முகமும் மூட்டமும் எல்லாக் கட்டத்திலும் வரும்படி குறுக்கே போடுங்கள். ஈரத்தில் பளிச்சென்று தெரியும் மூட்டம் காய்ந்ததும் சற்று மங்கும், ஃபைபர் தாளில் இன்னும் அதிகமாக. கீற்றை ஹேர் டிரையரில் காயவைத்துத்தான் நான் முடிவெடுப்பேன்.

மீட்டர் வைத்திருப்பவர்களுக்கு: ஒரு தாளுக்கும், கறுப்பு வெள்ளை வேறுபாட்டைக் கூட்டிக் குறைக்கும் ஒரு ஃபில்டருக்கும் சரிசெய்த அளவு மற்றதற்குச் செல்லாது. அளக்கும்போது சிவப்பு விளக்கை அணைத்துவிடுங்கள்; அந்த வெளிச்சத்தையும் அது சேர்த்து எண்ணிவிடும்.