செகண்டரி இண்டெக்ஸில் கோட் சறுக்கும் இடங்கள்

ரிலேஷனல் டேட்டாபேஸில் பழகியவருக்கு இண்டெக்ஸ் என்றதும் புத்தகத்தின் கடைசியில் வரும் சொல்லடைவு ஞாபகத்துக்கு வரும். டேபிள் ஒன்றுதான், உள்ளே போக இன்னொரு வாசல், அவ்வளவுதான். அதே நினைப்போடு அமேசானின் நோஎஸ்க்யூஎல் டேட்டாபேஸான டைனமோடிபிக்கு வந்தால் கோட் ஓடும், டெஸ்ட் எல்லாம் பாஸ் ஆகும், ப்ரொடக்‌ஷனுக்குப் போன பிறகுதான் காலை வாரும்.

அங்கே இருக்கும் குளோபல் செகண்டரி இண்டெக்ஸ், பேச்சில் ஜிஎஸ்ஐ, கிட்டத்தட்ட இன்னொரு டேபிள். அதற்குத் தனி கீ, தனிப் பார்ட்டிஷன்கள் (டேட்டாவைப் பிரித்து வைக்கும் பகுதிகள்), படிக்கவும் எழுதவும் தனிக் கொள்ளளவு. மூல டேபிளில் நீங்கள் எழுதியது கொஞ்சம் பிந்திதான் அங்கே போய்ச் சேரும். நான் பார்த்த தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒன்றை மறந்ததால் வந்தவை. அதனால் டைனமோடிபியை வைத்தே பேசுகிறேன். கசாண்ட்ராவும் மோங்கோடிபியும் கடைசிப் பக்கம் வரும்.

எழுதிய கையோடு இண்டெக்ஸில் தேடுவது

பயனர் டேபிளின் கீ, பயனர் எண். மின்னஞ்சலை வைத்துத் தேட ஒரு ஜிஎஸ்ஐ. புதுக் கணக்கு தொடங்கும் ஃபங்ஷன் முதலில் அந்த இண்டெக்ஸில் மின்னஞ்சலைத் தேடும். கிடைக்கவில்லை என்றால் புதுப் பயனரை எழுதும். நான் இருந்த ஒரு ப்ராஜெக்ட்டில் இந்தக் கோட் மாதக்கணக்கில் ஒழுங்காக ஓடியது. அப்புறம் ஒரு நாள் ஒரே மின்னஞ்சலில் இரண்டு கணக்குகள். பார்த்தால், மொபைல் ஆப் டைம்அவுட் ஆகி அதே கோரிக்கையைத் தானாகவே மறுபடி அனுப்பியிருக்கிறது. முதல் கோரிக்கை எழுதிய பதிவு இண்டெக்ஸுக்கு வருவதற்குள் இரண்டாவது கோரிக்கை தேடி முடித்துவிட்டது. இதில் இன்னொரு சங்கடம்: மின்னஞ்சலை வைத்து லாகின் செய்யும் இடத்தில், வந்த பட்டியலின் முதல் பதிவை மட்டும் எடுக்கும் கோட். ஜிஎஸ்ஐ கீ தனித்துவமாக இருக்க வேண்டும் என்று டைனமோடிபி எங்கேயும் கட்டாயப்படுத்துவதில்லை. இரண்டு கணக்கில் எதற்குள் நுழைகிறார் என்பது பயனரின் அதிர்ஷ்டம்.

உடனே தோன்றும் யோசனை, கன்சிஸ்டன்ட் ரீட் (கடைசியாக எழுதியதையே காட்டும் படிப்பு) கேட்பது. ஜிஎஸ்ஐ-யில் அது கிடையாது. கேட்டால் பிழைச்செய்திதான் வரும். அடுத்து யாராவது அரை விநாடி ஸ்லீப் போடச் சொல்வார்கள். தாமதம் வழக்கமாக ஒரு விநாடிக்கும் குறைவுதான் என்றாலும், அதற்கு உச்சவரம்பு என்று எதுவும் உறுதி கிடையாது. அது மட்டுமில்லை, தேடுவதற்கும் எழுதுவதற்கும் நடுவே இடைவெளி இருக்கும் வரை, படிப்பு எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் இரண்டு கோரிக்கைகள் ஒன்றாக உள்ளே புகுந்துவிடும்.

சரியான வழி, மின்னஞ்சலையே கீயாகக் கொண்ட ஒரு சின்னப் பதிவு. பயனர் பதிவையும் அதையும், எழுதினால் இரண்டும், இல்லையென்றால் எதுவும் இல்லை என்ற வகையில், ஒரே ட்ரான்சாக்‌ஷனில் எழுத வேண்டும். சின்னப் பதிவின் மேல் ‘இந்தக் கீ ஏற்கெனவே இருக்கக் கூடாது’ என்ற நிபந்தனை. இரண்டாவது கோரிக்கை அங்கேயே விழுந்துவிடும். மின்னஞ்சலை மாற்றும்போது பழைய சின்னப் பதிவை அழிப்பது, புதியதை எழுதுவது, பயனர் பதிவைத் திருத்துவது மூன்றும் ஒரே ட்ரான்சாக்‌ஷன். லாகினுக்கும் இந்தச் சின்னப் பதிவையே நேராகப் படிக்கலாம், கன்சிஸ்டன்ட் ரீடோடு. அப்போது அந்த ஜிஎஸ்ஐ-யே தேவையில்லை. நாங்கள் அதைத் தூக்கிவிட்டோம்.

தனித்துவம் சம்பந்தப்படாத இடங்களிலும் இதே எச்சரிக்கை வேண்டும். நிலுவை ஆர்டர்களை இண்டெக்ஸிலிருந்து எடுத்து ஒவ்வொன்றாக அனுப்பும் வொர்க்கர் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இண்டெக்ஸ் கொடுத்த பதிவு மூல டேபிளில் ஒரு நொடி முன்பு ரத்தாகியிருக்கலாம், அழிந்தே கூடப் போயிருக்கலாம். ஆகவே இண்டெக்ஸிலிருந்து வருவதைத் துப்பாக மட்டும் வைத்துக்கொண்டு, நிலையை மாற்றும் எழுத்தில் ‘நிலை இன்னும் நிலுவையாக இருந்தால் மட்டும்’ என்ற நிபந்தனையைச் சேர்த்துவிடுங்கள்.

லேப்டாப்பில் ஓடும் டைனமோடிபி லோக்கலில் இந்தக் கோளாறு எதுவும் தலைகாட்டாது. எல்லாம் ஒரே கணினிக்குள் நடப்பதால் எழுதியது அடுத்த வரியிலேயே தெரியும். டெஸ்ட் பச்சையாக இருக்கிறதே என்று நிம்மதி அடைய வேண்டாம்.

லிமிட் 20 என்றால் 20 வரும் என்று நம்புவது

வாடிக்கையாளர் எண்ணைக் கீயாகக் கொண்ட இண்டெக்ஸ். திரையில் ரத்தான ஆர்டர்கள் 20 காட்ட வேண்டும். ஒரு ஃபில்டரும் லிமிட் 20-ம் போட்டு க்வெரி எழுதுகிறோம். வந்த பட்டியல் காலி. கோட் ‘ஆர்டர் எதுவும் இல்லை’ என்று காட்டுகிறது. ஆனால் ஆர்டர்கள் இருக்கின்றன.

நடந்தது இதுதான். லிமிட் என்பது எத்தனை பதிவுகளைப் படிக்க வேண்டும் என்ற எண்ணிக்கை. ஃபில்டர் வேலை செய்வது படித்து முடித்த பிறகு. முதல் 20 பதிவுகளில் ஒன்றுகூட ரத்தானதாக இல்லை, அவ்வளவுதான். கூடவே ‘லாஸ்ட் இவேல்யுவேட்டட் கீ’ என்று ஒன்று வந்திருக்கும். அது இருக்கிறவரை இன்னும் படிக்க பாக்கி இருக்கிறது என்று அர்த்தம். முடிவை அதை வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும், பட்டியலின் நீளத்தை வைத்து அல்ல.

லிமிட் போடாவிட்டால் ஒரு க்வெரி ஒரு தடவையில் 1 எம்பி வரை படிக்கும். பதிவு ஒன்று 2 கேபி என்றால் சுமார் 500 பதிவுகள். அதில் ஃபில்டரைத் தாண்டி மூன்றே வந்தாலும், 500-க்கும் சேர்த்துத்தான் கணக்கு: 4 கேபிக்கு அரை அலகு வீதம் சுமார் 128 ரீட் அலகுகள் (படிப்பை அளக்கும் அலகு). ஃபில்டர் நெட்வொர்க்கில் வரும் டேட்டாவைக் குறைக்கும், செலவைக் குறைக்காது. அடிக்கடி ஓடும் க்வெரி என்றால், ஃபில்டரில் இருப்பதை, பதிவுகளை வரிசைப்படுத்தும் இரண்டாவது கீயான சார்ட் கீக்குள் கொண்டுபோங்கள்: நிலையும் தேதியும் சேர்ந்த ஒரே ஸ்ட்ரிங்காக, ‘ரத்து#2025-03-14’ என்பது போல. ‘ரத்து#’ என்று தொடங்குபவை மட்டும் என்று கேட்டால் தேவையானது மட்டும் படிக்கப்படும்.

அடுத்த பக்கத்துக்கான கர்சரை (எங்கிருந்து தொடர வேண்டும் என்ற குறி) நீங்களே கட்டினால் ஒன்றைக் கவனியுங்கள். ஜிஎஸ்ஐ-யில் அந்தக் கீக்குள் இண்டெக்ஸின் கீ மட்டும் போதாது, மூல டேபிளின் கீயும் இருக்க வேண்டும். டேட்டாபேஸ் கொடுத்ததை அப்படியே சுருட்டித் திரும்ப அனுப்புவதுதான் உத்தமம்.

நிலையை மட்டும் கீயாக வைப்பது

இது அட்மின் பக்கத்துக்காக வரும் தவறு. ‘நிலுவையில் உள்ள ஆர்டர்களைக் காட்டு’ என்ற ஒரே திரைக்காக, நிலை என்ற ஃபீல்டைப் பார்ட்டிஷன் கீயாக (பதிவு எந்தப் பார்ட்டிஷனுக்குப் போகும் என்று தீர்மானிப்பது) வைத்து ஜிஎஸ்ஐ போடுவார்கள். மொத்தம் நான்கைந்து மதிப்புகள்தான். புது ஆர்டர் எல்லாமே ‘நிலுவை’ என்று பிறப்பதால், எல்லா எழுத்தும் இண்டெக்ஸின் ஒரே மூலையில் போய் விழும். ஒரு பார்ட்டிஷன் நொடிக்கு 1000 ரைட் அலகுகளுக்கு மேல் தாங்காது.

மூச்சு முட்டுவது இண்டெக்ஸோடு நின்றால் பரவாயில்லை. இண்டெக்ஸால் எழுத்துகளை வாங்கி முடிக்க முடியவில்லை என்றால், மூல டேபிளுக்கு வரும் எழுத்துகளே நிறுத்தப்படும். அதாவது அட்மின் திரைக்காகப் போட்ட இண்டெக்ஸால் வாடிக்கையாளரின் ஆர்டர் தோற்றுப்போகும். மூல டேபிளுக்கு நிறையக் கொள்ளளவு ஒதுக்கி, ஜிஎஸ்ஐ-க்குக் கஞ்சத்தனமாகக் கொடுத்தாலும் இதே கதைதான்.

தீர்வு இரண்டு. எழுத்து அதிகம் என்றால் கீயைப் பிரிக்கலாம்: ‘நிலுவை#0’ முதல் ‘நிலுவை#9’ வரை, ஆர்டர் எண்ணின் ஹாஷை வைத்து. படிக்கும்போது பத்தையும் ஒரே நேரத்தில் கேட்டு, தேதி வரிசையில் கோட்டில் கோக்க வேண்டும். கொஞ்சம் வேலைதான். நான் முதலில் பார்ப்பது இரண்டாவது வழியை. இண்டெக்ஸின் கீ ஃபீல்டு இல்லாத பதிவு அந்த இண்டெக்ஸுக்குள் வரவே வராது. ஆகவே நிலுவை ஆர்டர்களுக்கு மட்டும் ஒரு தனி ஃபீல்டு வைத்து, ஆர்டர் முடிந்ததும் அதை நீக்கிவிட்டால், பழைய ஆர்டர் லட்சக்கணக்கில் இருந்தாலும் இண்டெக்ஸ் சின்னதாகவே இருக்கும். ஒரே இடத்தில் வந்து குவியும் எழுத்தை மட்டும் இது தீர்க்காது. அதற்குக் கீயைப் பிரித்தே ஆக வேண்டும்.

‘நீக்குவது’ என்றால் நிஜமாகவே ரிமூவ். ஃபீல்டை நல் ஆக்கினாலோ காலி ஸ்ட்ரிங் வைத்தாலோ, மூல டேபிளில் எழுதுவதே நிராகரிக்கப்படும், ஏனென்றால் இண்டெக்ஸ் கீயின் மதிப்பாக அவை செல்லாது. ஆப்ஜெக்ட்டை அப்படியே பதிவாக மாற்றிக் கொடுக்கும் லைப்ரரிகள் சில, மதிப்பு இல்லாத ஃபீல்டை நல் என்றே எழுதும். இந்த ஒரு செட்டிங்கைத் தேடி நான் ஒரு மதியத்தைத் தொலைத்திருக்கிறேன். தேதியை ஓரிடத்தில் நம்பராகவும் இன்னோரிடத்தில் ஸ்ட்ரிங்காகவும் எழுதுவதும் இதே வகை. எண்களை ஸ்ட்ரிங்காக சார்ட் கீயில் வைத்தால் 10 வந்த பிறகுதான் 9 வரும். முன்னால் பூஜ்யம் சேர்த்து நீளத்தைச் சமமாக்குங்கள்.

‘எதற்கும் இருக்கட்டும்’ என்று எல்லா ஃபீல்டையும் நகலெடுப்பது

ப்ரொஜெக்‌ஷனில் (எந்த ஃபீல்டுகளை இண்டெக்ஸுக்குள் நகலெடுப்பது என்ற அமைப்பு) ‘ஆல்’ என்று கொடுப்பது வசதி. விலை எழுதும்போது தெரியும். 3 கேபி ஆர்டர் ஒன்றின் நிலை மாறுகிறது. அந்த நிலைதான் இண்டெக்ஸ் கீ. மூல டேபிளில் 3 அலகுகள். இண்டெக்ஸில் பழைய இடத்திலிருந்து அழிக்க 3, புது இடத்தில் எழுத 3. மொத்தம் 9. இப்படி மூன்று இண்டெக்ஸ் இருந்து, மூன்றின் கீயும் ஒன்றாக மாறினால் 21. கீ மட்டும் ப்ரொஜெக்ட் ஆகியிருந்தால் அழிக்க 1, எழுத 1.

எதிர்ப்பக்கமும் உண்டு. ஜிஎஸ்ஐ-யில் இல்லாத ஃபீல்டை அந்த க்வெரியால் எடுக்க முடியாது. மூல டேபிளுக்கு மறுபடி போக வேண்டும். பல பதிவுகளை ஒன்றாகக் கேட்கும் பேட்ச் கெட் ஒரு தடவைக்கு 100 பதிவுகள்தான் தரும், வரிசையைக் காப்பாற்றாது, சிலவற்றை ‘படிக்கவில்லை’ என்று திருப்பியும் அனுப்பும். அந்த மிச்சத்தைக் கண்டுகொள்ளாத கோட்டில் பதிவுகள் சத்தமில்லாமல் காணாமல் போகும். திரையில் தெரியும் நான்கைந்து ஃபீல்டுகளை மட்டும் சேர்ப்பது நடுவழி. ஆனால் ப்ரொஜெக்‌ஷனைப் பின்னால் மாற்ற முடியாது, இண்டெக்ஸை அழித்துத்தான் மறுபடி கட்ட வேண்டும்.

மற்ற டேட்டாபேஸ்களில்

கசாண்ட்ராவின் வழக்கமான செகண்டரி இண்டெக்ஸ் ஒவ்வொரு நோடிலும் (டேட்டாவைப் பகிர்ந்து வைக்கும் சர்வர்) அதனதன் டேட்டாவுக்கு மட்டும் இருக்கும். பார்ட்டிஷன் கீ கொடுக்காமல் கேட்டால் கேள்வி நோட் நோடாகப் போகும். மின்னஞ்சல் போல ஒவ்வொரு வரிசைக்கும் வேறுபடும் மதிப்பில் இது மிக மோசம்: ஒரே ஒரு வரிசைக்காகப் பல நோட்களைத் தட்டுகிறோம். 5.0 பதிப்பில் வந்த எஸ்ஏஐ என்ற புது வகை இண்டெக்ஸ் நிறைய மேம்பாடுதான், ஆனால் அதுவும் நோடுக்கு நோடு தனியேதான். பிழைச்செய்தி சொல்கிறதே என்று ‘அலவ் ஃபில்டரிங்’ (நிறையப் படித்து வடிகட்டவும் அனுமதி) சேர்ப்பதை மட்டும் செய்யாதீர்கள்.

மோங்கோடிபியில் இண்டெக்ஸ் எழுத்தோடு சேர்ந்தே மாறும். பிந்தி வரும் தொல்லை இல்லை, ரெப்ளிகாவிலிருந்து (நகல் சர்வர்) படிக்காதவரை. அங்கே தவறு ஃபீல்டுகளின் வரிசையில் நடக்கும். சமம் பார்க்கும் ஃபீல்டு முதலில், சார்ட் ஃபீல்டு அடுத்து, எல்லை வைத்துத் தேடுவது கடைசியில் என்பது பொதுவான கணக்கு. க்வெரி எப்படி ஓடுகிறது என்று காட்டும் எக்ஸ்ப்ளெயின் ஓட்டி, படித்த டாக்குமெண்ட்களின் எண்ணிக்கையையும் திரும்பி வந்ததையும் ஒப்பிட்டால் வண்டவாளம் தெரிந்துவிடும்.

டிப்ளாயும் டெலீட்டும்

டைனமோடிபியில் ஏற்கெனவே டேட்டா உள்ள டேபிளில் ஜிஎஸ்ஐ சேர்த்தால், பழைய பதிவுகளை நகலெடுத்து முடிக்கும் வரை அதில் க்வெரி ஓடாது. இண்டெக்ஸும் அதைப் பயன்படுத்தும் கோட்டும் ஒரே டிப்ளாயில் போனால் அந்த நேரம் முழுக்கப் பிழைதான். முதலில் புது ஃபீல்டை எழுதும் கோட், பிறகு பழைய பதிவுகளுக்கும் அந்த ஃபீல்டைச் சேர்ப்பது, பிறகு இண்டெக்ஸ், அது ஆக்டிவ் ஆன பிறகு படிக்கும் கோட். டைப் பொருந்தாத பழைய பதிவுகளை நகலெடுப்பு தாண்டிப் போய்விடும், டேபிளுக்கும் இண்டெக்ஸுக்கும் எண்ணிக்கை இடித்தால் முதலில் அங்கே பாருங்கள்.

அழிக்கும்போது கோட்டில் பெயரைத் தேடுவது போதாது. அந்த இண்டெக்ஸ் செலவழித்த ரீட் அலகுகளை மெட்ரிக்கில் குறைந்தது ஒன்றரை மாதத்துக்குப் பாருங்கள். மாதம் ஒருமுறை ஓடும் ரிப்போர்ட் ஒன்று அதையே நம்பிக்கொண்டிருக்கலாம்.