நூறு மதிப்பெண் வந்தபிறகு செய்யவேண்டிய சோதனை

இணையப் பக்கத்தைத் தானாகச் சோதிக்கும் லைட்ஹவுஸ் கருவியில், அணுகல்தன்மைக்கு (மாற்றுத்திறனாளிகளும் பக்கத்தைப் பயன்படுத்த முடிவதற்கு) 100 வந்துவிட்டால் வேலை முடிந்தது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஒருநாள் நான் எழுதிய பதிவுப் படிவத்தை, திரையை அணைத்துவிட்டு, திரையிலுள்ளதைக் குரலில் படித்துக்காட்டும் என்விடிஏ திரைவாசிப்பானோடு நிரப்பிப் பார்த்தேன். மின்னஞ்சலை வேண்டுமென்றே தப்பாக அடித்து 'சமர்ப்பி'யை அழுத்தினேன். ஒரு சத்தமும் இல்லை. திரையைப் போட்டால், பெட்டிக்குக் கீழே சிவப்பில் பிழைச்செய்தி.

கருவி சோதித்த நேரத்தில் அந்தச் செய்தி பக்கத்திலேயே கிடையாது, எப்படிப் பிடிக்கும்? படத்துக்கு மாற்று உரை (படத்தைப் பார்க்க முடியாதவருக்கான விவரிப்பு) இருக்கிறதா என்று அது பார்க்கும். விற்பனை வரைபடத்துக்கு 'பேனர் இரண்டு' என்று எழுதியிருந்தாலும் தேர்ச்சிதான்.

அதற்காகக் கருவியை ஒதுக்காதீர்கள். படிவப் பெட்டிக்கு விடுபட்ட லேபிள், எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே 4.5:1க்குக் குறைந்த நிற வேறுபாடு போன்றவற்றை ஆக்ஸ், வேவ் போன்ற சோதனைக் கருவிகள் நொடியில் காட்டிவிடும். முதலில் அவற்றைச் சரிசெய்யுங்கள். புகைப்படத்தின் மேல் எழுத்து இருந்தால் 'நீங்களே பாருங்கள்' என்று ஆக்ஸ் தனியாகப் பட்டியல் தரும். பலரும் திறக்காத அந்தப் பட்டியலைத் திறந்து பாருங்கள்.

அடுத்து மவுஸைக் கழற்றிவிடுங்கள். எனக்கு அதிகப் பிழைகள் அகப்படுவது இங்கேதான். டேப் விசையால் மட்டும் நகருங்கள். எங்கே நிற்கிறோம் என்று ஒவ்வொரு அடியிலும் கண்ணுக்குத் தெரிகிறதா? பாப்அப் திறந்ததும் ஃபோகஸ் (விசைப்பலகை இப்போது நிற்கும் இடம்) உள்ளே போகிறதா, பின்னால் மறைந்த பக்கத்தில் அலைகிறதா? எஸ்கேப் அடித்தால் மூடி, திறந்த பொத்தானுக்கே திரும்புகிறதா? பொத்தான்போல் வேடமிட்ட டிவ்களை (வெறும் எச்டிஎம்எல் பெட்டிகளை) என்டராலும் ஸ்பேஸாலும் அழுத்திப் பாருங்கள். 'இது பொத்தான்' என்று சொல்லும் ரோலும், டேப் விசையை அங்கே நிற்கவைக்கும் டேப்இண்டெக்ஸும் இருந்தால் கருவி ஒத்துக்கொள்ளும். கிளிக்குக்கு மட்டும் நிரல் எழுதியிருந்தால் விசைக்கு அசையாது.

1280 பிக்சல் அகல ஜன்னலை 400% பெரிதாக்குங்கள். வரியைப் படிக்கப் பக்கவாட்டில் இழுக்க நேர்ந்தால் அது பிழை; 2018இல் வந்த டபிள்யூசிஏஜி 2.1 என்ற இணைய அணுகல்தன்மை வழிகாட்டி அதைச் சொல்கிறது.

கடைசியாகத் திரைவாசிப்பான். என்விடிஏ இலவசம்; கைபேசியில் டாக்பேக்கோ வாய்ஸ்ஓவரோ ஏற்கெனவே இருக்கும். என் படிவத்தில், அலர்ட் ரோல் கொண்ட (உள்ளே எழுத்து வந்தால் உடனே படிக்கச் சொல்லும்) வெற்றுப் பெட்டியைப் பக்கம் ஏறும்போதே வைத்து, பிழை வந்ததும் எழுத்தை அதற்குள் போட்டேன். ஃபோகஸையும் தவறான பெட்டிக்கே கொண்டுபோனேன். என்விடிஏ வாய்திறந்தது.

ஆனாலும் நான் மெதுவாகத்தான் கேட்பேன். திரைவாசிப்பானையே தினமும் புழங்குகிறவர் எச் விசையைத் தட்டித் தலைப்புக்குத் தலைப்பு தாவுவார். அப்படி ஒருவரை, உரிய ஊதியம் கொடுத்து, அழைத்து உட்காரவையுங்கள். அவர் தடுமாறும்போது வழி சொல்லாதீர்கள். எந்த இடம் என்று குறித்துக்கொள்ளுங்கள்.