வாடகை வீடு பார்த்துக் கொடுக்க லைசென்ஸ் வேணுமா?

மார்த்தாண்டம், கருங்கல் பக்கம் பூட்டிக் கிடக்கிற கல்ஃப்காரங்க வீடுகளுக்கு ஆள் பிடித்து, வாடகை வாங்கி, மோட்டார் ரிப்பேர் வரை பார்க்கிறவன் நான். துபாயில் வாடகைக்கு வீடு பிடித்துக் கொடுக்கிற புரோக்கரும் அரசிடம் பதிந்து கார்டு வாங்க வேண்டும். அதனால் அங்கிருந்து வருகிறவர்கள் எல்லாரும் என்னிடமும் அதைக் கேட்கிறார்கள்.

இங்கே வாடகைக்கு மட்டும் என்றால் அந்த மாதிரிப் பதிவு வேண்டாம். 2016 ரெரா சட்டம், அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், ஏஜென்டைப் பதியச் சொல்வது விற்பனைக்கு. அதுவும் ரெராவில் பதிவான பிளாட், மனைத் திட்டங்களுக்கு. ஆனால் வாடகைக்கு வந்தவரிடமே "பக்கத்தில் நல்ல வஸ்து ஒண்ணு இருக்கு" என்று அப்படிப்பட்ட மனையைக் காட்டிக் கமிஷன் வாங்கினால் பதிவு வேண்டும். இல்லாவிட்டால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் அபராதம். சொத்து விலையில் 5 சதவீதம் வரை ஏறும். நம்ம ஊர் புரோக்கர்கள் பலரும் சறுக்குகிற இடம் இதுதான்.

லைசென்ஸ் வேண்டாம் என்பதால் காகிதமே வேண்டாம் என்று இருந்துவிடாதீர்கள். 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிற தமிழ்நாடு வாடகைச் சட்டத்தில், வீட்டுக்காரருக்காகச் சொத்தைப் பார்த்துக்கொள்கிறவருக்கும் இடம் உண்டு. அவர் பெயர், அவரை நியமித்ததற்கு ஆதாரம், எந்தெந்த வேலைக்கு, எவ்வளவு காலத்துக்கு என்பதை வாடகைக்காரருக்குச் சொந்தக்காரர் கொடுக்க வேண்டும். நான் அதை ஒரு பக்கக் கடிதமாகவே வாங்கிவிடுவேன். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதிந்து எண்ணும் வாங்க வேண்டும். 11 மாதத்துக்கு எழுதினால் பதிவிலிருந்து தப்பிக்கலாம் என்பது சார்பதிவாளர் ஆபீஸ் கணக்கு, இதற்குச் செல்லாது.

"நீரே ஒப்பு போட்டிரும்" என்று வாட்ஸ்அப்பில் சொல்கிறவர்கள்தான் பெரிய தொல்லை. சொந்தக்காரருக்குப் பதிலாக ஒப்பந்தத்தில் கையெழுத்திட பவர் பத்திரம் வேண்டும். அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்டு, சான்று வாங்கி, ஒரிஜினலை அனுப்பச் சொல்லுங்கள். அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும். போட்டோவை வைத்துக்கொண்டு ஒன்றும் ஆகாது.

இன்னொன்று, யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. வருமான வரிக் கணக்கில் சொந்தக்காரர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால், வாடகைக்காரர் வாடகையில் 30 சதவீதமும் அதன் மேல் செஸ் என்கிற கூடுதல் வரியும் பிடித்து வரித்துறைக்குக் கட்ட வேண்டும். அட்வான்ஸ் கை மாறுவதற்கு முன்பே இரண்டு பேரிடமும் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் முதல் மாதமே "வாடகை குறையுதே" என்று போன் உங்களுக்குத்தான் வரும்.

உங்கள் கமிஷன் வரவு ஆண்டுக்கு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு. நமக்கு அந்தக் கவலை இன்னும் வரவில்லை.

கன்னியாகுமரியில் சூரிய உதயம் பார்க்க வருகிறவர்களுக்கு நாள் வாடகைக்கு விடுவது வேறு தொழில். அதை இந்த ஒப்பந்தத்தோடு குழப்பாதீர்கள். ஒரு ராத்திரியோ ஒரு வருடமோ, தங்குகிறவர் வெளிநாட்டுக்காரர் என்றால் வந்த 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தை (முன்பு சி படிவம் என்பார்கள்) அரசுக்கு ஆன்லைனில் ஏற்றிவிட வேண்டும்.