சிதம்பரம் நாட்டியாஞ்சலி: பகலில் கோபுரம், இரவில் ஆட்டம்

மகா சிவராத்திரியை ஒட்டிச் சிதம்பரத்தில் நடராசருக்கு நடனத்தையே காணிக்கையாக வைக்கும் விழா நாட்டியாஞ்சலி. 1981இல் தொடங்கியது. ஐந்து நாள், மாலையில் ஆரம்பித்து இரவு நெடுநேரம் நீளும். நுழைவுச்சீட்டு கிடையாது. ஆடுகிறவர்களும் சன்மானம் எதிர்பார்த்து வருவதில்லை.

விழாத் தேதியை முதலில் உறுதி செய்யுங்கள். சிவராத்திரி மாசித் தேய்பிறைச் சதுர்த்தசியில் வருவதால் பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் நடுவுக்குள் ஆண்டுக்கு ஆண்டு நகரும். போன வருடத் தேதியை நம்பி விமானச் சீட்டு வாங்கிவிட்டால் விழா முடிந்த ஊருக்குத்தான் வந்து இறங்குவீர்கள். சில ஆண்டுகளாகக் கோயிலுக்குள் ஒரு மேடையும் வெளியே ஒரு மேடையுமாக நடப்பதால், உறவுக்காரப் பிள்ளை ஆடுகிறாள் என்று போகிறவர்கள் எந்த மேடை, எத்தனை மணி என்று முன்பே கேட்டு வையுங்கள்.

சென்னையிலிருந்து ஏறக்குறைய 230 கிலோமீட்டர். எழும்பூரிலிருந்து ரயில் உண்டு. முன்பதிவு 60 நாளுக்கு முன்பு திறக்கும், அன்றே போட்டுவிடுங்கள். தங்குமிடத்தில்தான் பலர் சிக்கிக்கொள்கிறார்கள். வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தங்கினால் விடுதிக்காரர் 24 மணி நேரத்துக்குள் அந்த விவரத்தை அரசிடம் பதிய வேண்டும். அந்த வசதி இல்லாத சிறிய லாட்ஜுகள் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். பதிவு செய்யும்போதே "ஃபாரின் பாஸ்போர்ட், பரவாயில்லையா?" என்று கேளுங்கள். பாஸ்போர்ட், விசா அல்லது ஓசிஐ (இந்திய வம்சாவளியினருக்கான) அட்டையின் நகல் ஆளுக்கு இரண்டு கையில் இருக்கட்டும். பூக்கடையிலும் ஆட்டோவிலும் வெளிநாட்டு வங்கி அட்டை செல்லாது. பத்து, இருபது, ஐம்பது ரூபாய் நோட்டுகளாக மாற்றி வையுங்கள்.

இரவு ஆட்டத்தை ரசிக்க வேண்டுமானால் அன்று பகலில் கோபுரங்களைப் பார்த்தே ஆக வேண்டும். எங்களைக் கேட்டால், இதைச் செய்யாமல் போகிறவர்கள் பாதி விழாவைத்தான் பார்க்கிறார்கள். கோபுர வாயிலின் இரு பக்கச் சுவர்களிலும் 108 கரணங்கள், அதாவது நடன நிலைகள், செதுக்கப்பட்டிருக்கின்றன. கிழக்குக் கோபுரத்தைக் காலையிலும் மேற்குக் கோபுரத்தை மாலையிலும் பாருங்கள். வெயில் வாயிலுக்குள் சாய்ந்து விழும்போதுதான் கை விரலும் முழங்கால் மடிப்பும் துலங்கும். உச்சிப்பொழுதில் எல்லாம் ஒரே நிழல். சிற்பங்களுக்கு மேலே நாட்டிய சாத்திரச் சுலோகங்கள் கிரந்த எழுத்தில் இருக்கும். முதல் கரணம் தலபுஷ்பபுடம்: இரு கையும் சேர்த்துக் குவித்து, இடப்பக்கம் பூ ஏந்தி நிற்கும் நிலை. இதை மட்டுமாவது மனதில் பதித்துக்கொள்ளுங்கள். இரவில் மேடையேறும் பெண் புஷ்பாஞ்சலியில் கை குவித்துப் பூவிடும்போது, காலையில் கல்லில் பார்த்த அதே கை கண்ணில் படும். நடராசர் சன்னிதிக்கு எதிரே இருக்கும் நிருத்த சபையையும் விடாதீர்கள். தேர் வடிவில் அமைந்த அந்த மண்டபத்தில் 56 தூண்கள். காலை மேலே தூக்கி ஆடும் சிவனான ஊர்த்துவ தாண்டவர் அங்கேதான் இருக்கிறார். பகல் பன்னிரண்டு மணிவாக்கில் நடை சாத்தி மாலை ஐந்து மணிவாக்கில் திறப்பார்கள், அதற்குத் தக்கபடி திட்டமிடுங்கள்.

செருப்பு சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் இங்கே அதிகம் பேர் திண்டாடுவது அதில்தான். நான்கு வாயிலும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். கிழக்கே செருப்பை விட்டுவிட்டு மேற்கே வெளியே வந்தால் இருட்டில் வெறுங்காலோடு வீதி சுற்ற வேண்டும். நான்கு வாயிலில் ஒன்றை முடிவு செய்து வீட்டார் எல்லோரும் அதே வழியாகப் போய் வாருங்கள். ஒருவரையொருவர் தவறவிட்டால் சந்திக்கும் இடமும் அதுவே. உள்ளே திசை குழம்பினால் சிவகங்கைக் குளத்தைத் தேடுங்கள், அது வடபக்கம்.

ஆண்களுக்கு வேட்டி வசதி. நடராசர் சன்னிதிக்கு முன்னுள்ள கனகசபையில் ஏறுவதென்றால் சட்டையைக் கழற்ற வேண்டும். மாசிப் பனி நள்ளிரவுக்கு மேல் இறங்கும். பகலில் சுட்ட அதே கல்தரை அப்போது சில்லென்று இருக்கும், அதனால் பாயோ தடித்த துண்டோ, ஒரு சால்வையோடு எடுத்துப் போங்கள். கொசுவுக்கு ஏதாவது தடவிக்கொள்ளுங்கள். முட்டி வலிக்காரப் பெரியவர்களுக்கு நாற்காலி கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள், மாலையிலேயே போய்த் தூண் ஓரம் பிடித்தால் சாய்ந்துகொள்ளலாம். கழிப்பறை வேலையை விடுதியிலேயே முடித்துக்கொள்வது நல்லது. மேடையைப் படம் எடுக்கும்போது ஃபிளாஷ் வேண்டாம். ஆடும் பிள்ளையின் கண் கூசி அடவு தவறும். சன்னிதியில் படமே எடுக்கக் கூடாது.

சிவராத்திரி அன்று நான்கு கால பூசைக்கும் கூட்டம் திரளும். குழந்தைகளோடு போகிறவர்கள் இரண்டாம், மூன்றாம் நாளைத் தேர்ந்தெடுங்கள். அந்த நாட்களில் இன்னொன்றும் கிடைக்கும்: இரவின் கடைசிப் பூசையான அர்த்தசாமம் முடிந்து, நடராசரின் பாதுகைகள் பல்லக்கில் பள்ளியறைக்கு எழுந்தருளும். அதற்காக மேடையை விட்டு அரைமணி நேரம் எழுந்து வருவது நட்டமில்லை. முன்கூட்டியே போய்ப் பள்ளியறை அருகே ஒதுங்கி நில்லுங்கள், பல்லக்கு வரும் வழியை மறிக்க வேண்டாம். ரயில் நிலையம் ஒன்றரை கிலோமீட்டருக்குள்தான், ஆனாலும் நள்ளிரவில் ஆட்டோ அரிது. வரும்போதே ஓட்டுநரிடம் கட்டணம் பேசி, தொலைபேசி எண்ணை வாங்கி, எந்தக் கோபுர வாசலில் நிற்பீர்கள் என்று சொல்லி வையுங்கள்.